கூரைத் தண்ணீர் விழும் இடம்

“ஒட்டுக் கேக்கிறத்துக்கு இங்கிலீஷ் என்னத்துக்குடி ஒனக்கு?”

என் மாமா, உம்மாவின் மூத்த சகோதரர், இப்படிக் கேட்டபோது எனக்குப் பதினாறு வயது. எங்கள் வீட்டின் பக்கச் சுவருக்கும் அடுத்த வளவின் கிடுகு வேலிக்கும் இடையில் நின்று, உள்ளே ஆண்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது கண்டால் படிக்கிறேன் என்று சொல்வதற்காகக் கையில் ஆங்கிலப் பாடப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தேன். மாமா வெற்றிலை துப்ப வந்தவர், நேரே என் முன்னால் வந்து நின்றார்.

“படிக்கிறன் மாமா.”

“வேலி இடுக்குல நிண்டா? மச்சான், இஞ்ச வந்து பாருங்க, ஒங்கட மகள்ற பள்ளிக்கூடத்த!”

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குச் சுட்டது. எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வாப்பாவின் சைக்கிள் கடைப் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துப் பிழையாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னவள் நான். அப்போது மாமாவிடமே பெருமையாகச் சொல்லித் திரிந்தவர் அவர்.

மறுநாள் பள்ளிக்கூட அலுமாரியில் தமிழ்–ஆங்கில அகராதியை எடுத்து, ஒட்டுக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று தேடினேன். மாமாவுக்குப் பதில் சொல்ல அந்தச் சொல்லாவது கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஈவ்ஸ்ட்ரொப் என்று இருந்தது. அதன் பிறப்பைப் பக்கத்தில் இருந்த தடித்த ஆங்கில அகராதியில் பார்த்தேன். கரையான் தின்ற பக்கம். ஈவ்ஸ் என்றால் சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை ஓரம். அந்த ஓரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டி விழும் நிலத்துக்குத்தான் அந்தச் சொல் முதலில் பெயராக இருந்ததாம். பழைய இங்கிலாந்தில் ஒருவர் வீடு கட்டினால் தன் கூரைத் தண்ணீர் அயலவர் நிலத்தில் விழாதபடி எல்லையோரம் கொஞ்சம் இடம் விட வேண்டும். அந்த இடத்தில் வந்து நின்று, உள்ளே பேசுவதைக் கேட்டவர்களைக் குறிக்க அதே சொல் பிறகு நீண்டுவிட்டது.

நான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன். அந்த இடம் எனக்குத் தெரியும். அதன் அளவுகூடத் தெரியும்.

எங்கள் ஊர் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது. பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் ஒரு தாயின் வளவு மகள்மாருக்கெனத் துண்டு துண்டாகப் பிரிந்து, வீடும் வேலியும் வீடும் வேலியுமாக நெருங்கிவிடும். சூறாவளி எங்கள் கிடுகுக் கூரையைக் கொண்டுபோன பிறகு வாப்பா கடன்பட்டு ஓடு போட்டார். என் அக்கா, ராத்தாவுக்குக் கொடுக்க வேண்டிய வீடு அது. ஓடு போட்ட அன்று அயல்வீட்டு மாமி எல்லை அளக்கக் கயிற்றோடு வந்துவிட்டார்.

“ஒங்கட தண்ணி ஒங்கட மண்ணுலதான் விழணும், சொல்லிட்டன். ஒரு சொட்டு இஞ்சால வந்தாலும் நான் பள்ளிவாசல் மரைக்கார்மாரக் கூட்டுவன்.”

ஒன்றரை முழம் விட்டோம். அந்த ஒன்றரை முழத்து மணலில் மழைக்குப் பிறகு வரிசையாகக் குழிகள் இருக்கும். குழிகளுக்கு நடுவே என் காலடிகளும் இருக்கும். உம்மா அவற்றைக் கண்டும் காணாதவர்போல விளக்குமாற்றால் இழுத்து அழித்துவிடுவார்.

அகராதியில் இன்னொன்றும் இருந்தது. அப்படி நின்று கேட்பது அந்த நாட்டில் குற்றமாம். பிடிபட்டால் தண்டம். இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. ராத்தாவிடம் மட்டும் சொன்னேன்.

ராத்தா என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஏழு வயதில் வந்த காய்ச்சலோடு அவருடைய காது போய்விட்டது. இடி கேட்கும், உரல் இடிப்பது கேட்கும், பேச்சுக் கேட்காது. ஆனால் வாயைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். எதிரே இருந்து கதைக்கும் யாரும் அவருக்குக் காது கேளாது என்று கண்டுபிடித்ததில்லை. உம்மாவும் வாப்பாவும் அதை மாமா குடும்பத்தைத் தவிர வெளியே யாருக்கும் சொன்னதில்லை. நான் வேலியோரம் நின்று கேட்டதையெல்லாம் குசினிக்குள் வந்து சத்தமில்லாமல் வாயசைத்து அவருக்குச் சொல்வேன். ஆண்கள் எங்களைப் பற்றி எடுக்கும் முடிவுகள் எங்களுக்கு வந்துசேர்ந்த வழி அதுதான். இரண்டு பேருக்காகக் கேட்டவள் நான்.

புதுச் சொல்லை அவர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு என் வாயில் பார்த்தார். “இன்னொருக்காச் சொல்லு.”

“ஈவ்ஸ்ட்ரொப்.”

“சிரிக்கிற மாதிரித் தொடங்கி வாயப் பொத்திட்டு முடியிதுகா” என்றார்.

அடுத்த வருடம் அவருக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒலுவில் பக்கம். சாகாமத்தில் வயல் உள்ள குடும்பம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா வாய் நிறைய வெற்றிலையோடு, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டே கதைத்தார். ராத்தாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எல்லாவற்றுக்கும் சிரித்தார். பக்கத்தில் இருந்த நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

“எளையவ வாயாடி. மூத்தவ நல்ல அடக்கம், என்ன கேட்டாலும் சிரிக்கிறா” என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். எங்கள் உம்மா கதவைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று நெஞ்சைத் தடவினார்.

ஆனால் ராத்தாவும் ஒன்றைக் கேட்டிருந்தார், கண்ணால். காவினுக்கு, கல்யாண எழுத்துக்கு, ஒரு கிழமை இருக்கையில் மாப்பிள்ளை இரண்டு சிநேகிதரோடு வந்து ஒழுங்கையில் நின்று எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டத்தில் நின்றதால் யாருக்கும் கேட்காது என்று நினைத்துத்தான் கதைத்திருப்பார். ராத்தா வேலி இடுக்கால் அவருடைய வாயைப் பார்த்துவிட்டார்.

“வீடு நல்ல வீடு எண்டு சொன்னார். பொண்ணு எப்பிடி எண்டு கேட்டான் கூட்டாளி. வீட்டத்தான் பாத்தன், பொண்ண ஆர் பாத்த எண்டு சொல்லிச் சிரிச்சார்.”

“வாப்பாகிட்டச் சொல்லுங்க.”

“எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா?”

திருட்டாகக் கேட்ட செய்தியில் இந்தத் தொல்லை உண்டு. அதை வெளியே எடுத்தால், எங்கே நின்று கேட்டாய் என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

“கேப்பாங்கதானே” என்றார் ராத்தா. “காவினுக்கு முன்ன பொண்ணுக்கிட்டச் சம்மதம் கேக்கத்தானே வேணும். கேக்கக்குள்ள வேணா எண்டு சொல்லிருவன். திரைக்கு அங்கால நிண்டு கேப்பாங்க, எனக்கு வாய் தெரியா. நீ என்ட கையப் புடிச்சிட்டு இரி. கேட்டதும் அமத்து.”

நான் ஓம் என்றேன்.

காவினுக்கு முதல்நாள் பின்னேரம், பழக்கத்தில், மறுபடி அந்த ஒன்றரை முழத்தில் போய் நின்றேன். மாமா சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்தக் காரியம் கலைஞ்சிதெண்டா மச்சான், எளையவளப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டத்தான் வேணும். செவிட்டுப் புள்ளையத் தனிய விட்டுட்டு உம்மாக்காரி எத்தின நாளைக்கிக் காவல் இருப்பா? ஒருத்தி கூட இருக்கணும்.”

வாப்பா சொன்னார்: “ஓம். மூத்தவ முடிஞ்சா எளையவ படிக்கட்டும். இல்லாட்டிப் புத்தகத்தக் கட்டி வெக்கட்டும்.”

உயர்தர வகுப்புக்கு என் பெயர் எழுதப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று குசினிக்குள் போய் நான் ராத்தாவுக்கு எதையும் வாயசைக்கவில்லை. “என்ன கதைச்சாங்க?” என்று கேட்டார். “சோத்துக்கு எத்தின ஆடு எண்டு” என்றேன்.

அடுத்தநாள் அறையின் நடுவே பூப்போட்ட துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ராத்தா பாயில் இருந்தார், முக்காடு மூக்குவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அவருடைய இடது கை என் வலது கையில் இருந்தது. திரைக்கு அப்பால் செருப்புகள் கழன்றன. வாப்பாவும் சாட்சிகள் இருவரும் வந்து நின்றார்கள். திரையின் அடியில் அவர்களின் கால்கள் தெரிந்தன. வாப்பாவின் பெருவிரலில் சைக்கிள் எண்ணெய் இன்னும் போகாமல் இருந்தது.

“மகள், ஒன்ன இன்னாருக்குக் காவின் எழுதித் தாறன். ஒனக்குச் சம்மதமா?”

நான் கையை அமத்தவில்லை.

மூன்று தடவை கேட்டார் வாப்பா. கன்னிப் பெண் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டாள், அவளுடைய மௌனமே சம்மதம் என்பது வழக்கம். மார்க்கம் அவளைக் கேள் என்றுதான் சொல்கிறது. எங்கள் ஆட்கள் கேட்கவும் செய்தார்கள். கேட்டது அவள் காதில் விழுந்ததா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் இருக்கவில்லை. வாப்பாவுக்குத் தன் மகளின் காதைப் பற்றித் தெரியும். எனக்கும் தெரியும். அந்த அறையில் கேள்வி போய்ச்சேராதது ராத்தா ஒருவருக்குத்தான். மூன்றாவது தடவையின் முடிவில் ஒரு சாட்சி, “அடங்கிப் போய் இரிக்கா, சம்மதந்தான், வாங்க” என்றார். செருப்புகள் மறுபடி மாட்டப்பட்டன. சற்று நேரத்தில் முன் மண்டபத்தில் பாத்திஹா ஓதும் சத்தம் எழுந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். அந்தச் சத்தம் ராத்தாவுக்குக் கேட்டது. முக்காட்டை விலக்கி என் வாயைப் பார்த்தார்.

“கேட்டாங்களா?”

“இல்ல ராத்தா” என்று வாயசைத்தேன். “கேக்கல்ல. வாப்பாவே சொல்லிட்டார்.”

அவர் நம்பினார். என் வாயை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

மாப்பிள்ளைக்குப் பத்து நாளில் தெரிந்துவிட்டது. பின்னால் நின்று கூப்பிட்டார், ராத்தா திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார், திரும்பவில்லை. பிறகு சும்மா பரீட்சைபோல முதுகுக்குப் பின்னால் நின்று கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தார். ராத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அன்று முன்கதவை அடித்துச் சாத்திவிட்டு மாப்பிள்ளை போனது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அவரையும் ஏமாற்றித்தானே இருந்தோம். ஆனாலும் வீடு நல்ல வீடு, திரும்பி வந்தார். நாலு வருடம் இருந்தார். அந்த நாலு வருடமும் அவர் ராத்தாவோடு கதைக்கும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய அடி ஒன்றை அவர் கையால் அடித்ததில்லை.

நான் அந்த வருடங்களில் உயர்தரப் பரீட்சை எழுதினேன், சித்தியடைந்தேன், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஊரில் என்னைக் காட்டிப் பேசினார்கள். வாப்பா மறுபடி பெருமைப்பட்டார். மாமாகூட ஒரு தடவை தந்தி ஒன்றை வாசிக்கக் கொண்டுவந்தார். வாசித்துக் காட்டும்போது எனக்குள் எழுந்த நிமிர்வை நான் மறைக்கப் போவதில்லை. எதைக் கொடுத்து அது வந்தது என்று அந்த நேரத்தில் நினைக்கவில்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை.

ராத்தாவுக்கு ஒரு பெண் பிள்ளை. பகலில் பிள்ளையைச் சேலை ஏணையில் போட்டுவிட்டு, ஏணையிலிருந்து ஒரு கயிற்றைத் தன் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு மீன் அரிவார். பிள்ளை அசைந்தால் விரல் சொல்லிவிடும். நான் வாசலில் இருந்து பிள்ளையின் சிணுங்கலைக் கேட்டு எழும்பும் முன் அவர் எழும்பிவிடுவார். ஒரு தடவைகூட நான் முந்தியதில்லை.

போன மாரியில் மாப்பிள்ளை எங்கள் வீட்டை விட்டுப் போனார். அக்கரைப்பற்றில் வேறொரு இடம் பேசி வைத்திருக்கிறார் என்று கதை. தலாக்குக்கு ஊர்க் குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் எழுதிக் கொடுத்தார். அதோடு பிள்ளையையும் கேட்டார்.

விசாரணை காதியார் வீட்டு முன் மண்டபத்தில். எங்கள் பக்கம் வாப்பாவும் மாமாவும் உள்ளே போனார்கள். பெண்கள் உள்ளே போவதில்லை; ராத்தா பிள்ளையோடு வீட்டிலேயே இருந்தார். நான் போனேன். மழை பெய்தது. யன்னலோரம், கூரை ஓரத்துக்குக் கீழே நின்றேன். ஓட்டுத் தண்ணீர் என் தோளில் விழுந்து முதுகால் இறங்கியது. இருபத்தொரு வயதிலும் அதே இடத்தில்தான் நிற்கிறேன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை உள்ளே சொன்னார்: “என்ன ஏமாத்திச் செவிட்டுப் பொண்ணக் கட்டித் தந்தாங்க ஹஸ்ரத். காவினன்று அவளும் ஒண்டும் சொல்லல்ல. தெரிஞ்சுதானே மறைச்சவ? இப்ப என்ட புள்ளை வீரிட்டு அழுதாலும் அவக்குக் கேக்கா. கெணத்துல விழுந்தாலும் கேக்கா. அவகிட்ட எப்பிடிப் புள்ளைய விடுற?”

“இதுக்கு என்ன சொல்றீங்க?” என்று காதியார் வாப்பாவிடம் கேட்டார்.

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால் மறைத்தவர் அவரே என்று ஆகும். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மாமா செருமினார். வாப்பா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளை விஷயத்தில் காதியார் சொல்வதுதான் கடைசி என்று சட்டத்தில் இல்லை, கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் ஊரில் அவர் சொன்னதைத் தாண்டிப் போனவரை நான் கண்டதில்லை. “பேசாம இருக்கிறீங்க. அப்ப அவர் சொல்றது சரிதான் எண்டு எடுக்க வேண்டி வரும்” என்றார். “அடுத்த சனிக்கிழமை முடிவு சொல்றன்.”

எங்கள் குடும்பத்தின் மௌனம் இரண்டாவது தடவையாகச் சம்மதமாக எழுதப்படப் போகிறது என்று அப்போது விளங்கியது.

நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்தேன். ராத்தா மீன் அரிந்துகொண்டிருந்தார், கால்விரலில் கயிறு. முன்னால் குந்தி இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்: காதியார் சொன்னது, வாப்பா சொல்லாதது. பிறகு, நிறுத்த முடியாமல், மற்றதையும் சொன்னேன். காவினன்று கேட்டார்கள். மூன்று தடவை கேட்டார்கள். நான் கையை அமத்தவில்லை. ஏன் என்றும் சொன்னேன்.

அவர் என் வாயைக் கடைசிவரை பார்த்தார். அரிவாள்மணையை மெல்லச் சாய்த்து வைத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

யாரோடாவது கதைக்கப் பிடிக்கவில்லை என்றால் நாங்கள் காதைப் பொத்த வேண்டும், எழும்பிப் போக வேண்டும். அவருக்கு முகத்தைத் திருப்பினால் போதும். நான் மன்னிப்புக் கேட்டேன். சத்தமாக, பலதடவை. அது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் கேட்டது. அன்று முழுதும், அடுத்தநாள் முழுதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையை வாங்க நீட்டிய கையையும் விலக்கினார். நான் சமைத்ததைத் தின்னவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டபோது வாசலில் வந்து நின்று என் வாயைப் பார்த்தார்.

“காதியாருக்கு எழுதுவியா?”

“எழுதுவன்.”

“என்ன எழுதுவ?”

“நீங்க மறைக்கல்ல எண்டு. ஒங்களுக்குக் கேள்வியே கேக்கல்ல எண்டு. புள்ளைய எப்பிடிப் பாக்கீங்க எண்டு.”

“வேணா.” அவருடைய குரல் எப்போதும்போலக் கொஞ்சம் உரத்திருந்தது. ஒழுங்கையில் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள். “எனக்காக நீ சொன்னது காணும், இனிச் சொல்லாத. நீ செஞ்சத மட்டும் எழுது. மத்ததுக்கு என்னக் கூப்பிடச் சொல்லு. திரை இல்லாம. முகத்தப் பாத்துக் கேக்கச் சொல்லு. நான் சொல்லுவன்.”

சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பில் இருந்தே எழுதினேன். கொப்பித் தாளில் இரண்டு பக்கம். நான் ஒட்டுக் கேட்டதை, எங்கே நின்று கேட்டேன் என்பதோடு எழுதினேன். கையை அமத்தாததை எழுதினேன். காதைப் பற்றி மறைத்தவர்கள் நாங்கள், அவர் அல்ல என்று எழுதினேன். கடைசியில் அவருடைய கோரிக்கையை அவர் சொன்னபடியே எழுதினேன். வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழும்பிக் கடைக்குப் போய்விட்டார். மாமா வந்து படலையில் நின்று கத்தினார்: “குடும்ப மானத்த எழுதிக் குடுக்கத்தானா ஒன்னப் படிக்க வெச்ச?”

“ஓம் மாமா” என்றேன். “அதுக்கு வேற ஆக்கள் இல்ல.”

வியாழக்கிழமை காதியார் வீட்டுக்குப் போனேன். யன்னல் பக்கம் போகவில்லை. முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் ஏறினேன். மேசையில் இருந்த காதியாரின் கிளாக்கர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆர் எழுதின?”

“நான்தான்.”

“வாப்பாட கையெழுத்து எங்க?”

“இல்ல. என்ட கையெழுத்து இருக்கு. கீழ ராத்தாட பெருவிரல் அடையாளம் இருக்கு.”

“பொண்டுகள் எழுதிக் குடுத்தா எடுக்கிறதோ தெரியா.”

“எடுக்கல்லெண்டா எடுக்கல்ல எண்டு இதிலயே எழுதித் தாங்க. நான் வாசிப்பன்.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். இறப்பர் முத்திரையை எடுத்து, மை காய்ந்திருந்ததால் இரண்டு தடவை அமத்தி, தாளின் மூலையில் குத்தினார். சனிக்கிழமைக்கான கட்டின் மேல் அதை வைத்தார்.